திவாலான ரூம்பா... வீட்டில் இருக்கும் ரோபோவுக்கு யார் பொறுப்பு?

வட்டத் தட்டு மாதிரி ஒரு மெஷின். பட்டனைத் தட்டினால் போதும், சோபாவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில் என்று தானே போய்த் தூசியை உறிஞ்சிவிட்டு வரும். 'ரூம்பா' என்ற இந்த ரோபோவை 2002-ல், 199 டாலர் விலையில் அறிமுகம் செய்தது அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம். அதன்பிறகு உலகம் முழுக்க 5 கோடிக்கும் மேல் ரோபோக்களை விற்றது. அப்படிப்பட்ட நிறுவனம், 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. எங்கே சறுக்கியது?

போர்க்களத்திலிருந்து வரவேற்பறைக்கு...

எம்.ஐ.டி-யைச் சேர்ந்த காலின் ஏஞ்சல், ஹெலன் கிரெய்னர், ராட்னி புரூக்ஸ் ஆகிய மூவரும் 1990-ல் ஆரம்பித்த நிறுவனம் இது. இவர்களின் 'பேக்பாட்' ரோபோ, ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் வெடிகுண்டு தேடியது. 2011-ல் புகுஷிமா அணு உலைக்குள்ளும் போனது. ஆனால் 2016-ல் ராணுவப் பிரிவை விற்றுவிட்டு, வீட்டு ரோபோக்களை மட்டுமே நம்பிக் களமிறங்கியது ஐரோபாட். போட்டி குறைவாக இருந்தவரை அது சரியான முடிவாகத்தான் தெரிந்தது.

மேப் கொடுத்த தலைவலி

ஆரம்பகால ரூம்பா, சுவரில் முட்டித் திரும்பி, மறுபடி முட்டித் திரும்பி வீட்டைச் சுத்தம் செய்யும். 2015-ல் வந்த 'ரூம்பா 980' மாடலில் கேமரா, வைஃபை, மொபைல் ஆப் எல்லாம் சேர்ந்தன. வீட்டுக்கே ஒரு மேப் போட்டுக்கொண்டு அது வேலை செய்தது.

வசதியோடு சந்தேகமும் வந்தது. அந்த மேப்பை வேறு நிறுவனங்களோடு பகிர்வது பற்றி 2017-ல் ஏஞ்சல் பேச, பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 'வாடிக்கையாளர் தகவலை விற்க மாட்டோம்' என்று விளக்கம் சொன்னார். 2022-ல் இன்னொரு அதிர்ச்சி. சோதனை ரோபோக்கள் எடுத்த படங்கள் வெளியே கசிந்திருந்தன. அதில் கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் உண்டு. அவை கடையில் விற்ற மெஷின்கள் அல்ல; சோதனைக்குச் சம்மதித்தவர்களின் வீடுகளில் ஓடியவை. ஆனாலும், வீட்டுக்குள் ஓடும் கேமரா பற்றிய பயம் பலருக்கும் வந்துவிட்டது.

இதற்கிடையே ரோபோராக், எகோவாக்ஸ் போன்ற சீன நிறுவனங்கள் லேசர் ஒளியால் அறையை அளக்கும் 'லைடார்' நுட்பத்தோடு வந்தன. இருட்டிலும் வேலை செய்யும். தரையைத் துடைக்கவும் செய்யும். கேமராவையே நம்பியிருந்த ஐரோபாட், லைடார் மாடல்களை வரிசையாக இறக்கியது 2025-ல்தான். அதற்குள் சந்தை கைமாறிவிட்டது.

நின்றுபோன கல்யாணம்

2022 ஆகஸ்ட்டில், 170 கோடி டாலருக்கு ஐரோபாட்டை வாங்குவதாக அமேசான் அறிவித்தது. 'தன் தளத்தில் போட்டி நிறுவனங்களின் ரோபோக்களை அமேசான் ஓரங்கட்டலாம்' என்று ஐரோப்பிய ஒன்றிய அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். இழுபறிக்குப் பிறகு, 2024 ஜனவரியில் ஒப்பந்தம் முறிந்தது. ஒப்பந்தப்படி 9.4 கோடி டாலரைக் கொடுத்துவிட்டு அமேசான் விலகிக்கொண்டது. ஐரோபாட்டில் சுமார் 350 பேருக்கு வேலை போனது. ஏஞ்சலும் தலைமைப் பதவியிலிருந்து விலகினார்.

கடைசியில், ரூம்பாக்களைத் தயாரித்துக் கொடுத்துவந்த சீனாவின் பிசியா நிறுவனமே, ஐரோபாட்டின் கடனையும் வாங்கி, நிறுவனத்தைத் தன் வசமாக்கும் திட்டத்தோடு வந்து நின்றது. ஆப் வழக்கம்போல வேலை செய்யும் என்று ஐரோபாட் உறுதி சொன்னது.

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

எல்லா நிறுவனங்களும் இப்படிக் காப்பாற்றுவதில்லை. 'ரிவால்வ்' என்ற ஸ்மார்ட் ஹோம் கருவியின் நிறுவனத்தை 2014-ல் கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்த, சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கிய கருவி வெறும் டப்பா ஆனது.

பிரிட்டனில் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இணையத்தோடு இணையும் கருவிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எத்தனை காலம் கிடைக்கும் என்பதை நிறுவனமே சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் வாங்குபவர்தான் உஷாராக இருக்க வேண்டும். கேட்க வேண்டியவை இவை:

* வைஃபை இல்லாவிட்டால் இது எந்தெந்த வேலையைச் செய்யும்? (பட்டன் உள்ள ரூம்பா நெட் இல்லாமலும் பெருக்கும். ஆப்பில் அறையைத் தேர்ந்தெடுக்கும் வசதிதான் போகும்.)

* அப்டேட் எத்தனை வருடம் வரும்?

* பேட்டரி, பிரஷ், ஃபில்டர் தனியாகக் கிடைக்குமா?

அம்மிக்கும் துடைப்பத்துக்கும் சர்வர் தேவைப்பட்டதில்லை. ஸ்மார்ட் கருவிக்குத் தேவை. கடைக்காரர் ஆப்பைத் திறந்து வசதிகளைக் காட்டும்போது, 'நெட்டை ஆஃப் பண்ணிட்டுக் காட்டுங்க' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.