கீழாநெல்லி குடிச்சா மஞ்சள் காமாலை போயிடுமா? 1988 சென்னை ஆய்வும், அதுக்கு அப்புறம் நடந்ததும்

"கண்ணு மஞ்சளா இருக்கா? கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து குடி." இந்த அறிவுரையைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. குடித்தவர்கள் பலருக்கு ரெண்டு மூணு வாரத்தில் மஞ்சள் இறங்கியும் இருக்கிறது. அப்போ மருந்து வேலை செஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மஞ்சள் காமாலை ஒரு நோய் அல்ல, அறிகுறி. ரத்தத்தில் பிலிருபின் அளவு ஏறினால் கண் மஞ்சளாகும். அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, இ வைரஸ்களால் வந்த காமாலை என்றால், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் நல்ல பேர் அதுக்குத்தான் போகும். ஆனால் பித்தக் குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்திருந்தால் கதையே வேறு. கர்ப்பிணிகளுக்கு ஹெபடைட்டிஸ் இ உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்போ கீழாநெல்லியில் ஒண்ணுமே இல்லையா?

இருக்கலாம் என்று நம்ப ஒரு காலத்தில் வலுவான காரணம் இருந்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவோடு சேர்ந்து இந்தச் செடியை ஆராய்ந்தார். ஆய்வுக்கூடத்தில், வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் நொதியைக் கீழாநெல்லிச் சாறு தடுத்தது. அடுத்து மனிதர்களுக்கு வந்தார்கள். காய்ந்த செடிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள்.

1988-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி-யின் அடையாளப் புரதம் காணாமல் போயிருந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு ஏன் இது மருந்தாக வரவில்லை?

மற்ற இடங்களில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், வைரஸ் போகவில்லை. முதல் ஆய்வில் கணக்கில் வந்தவர்களே மொத்தம் 60 பேர்தான். செடி வளரும் மண், பறிக்கும் பருவம், இனம் எல்லாம் மாறினால் உள்ளே இருக்கும் வேதிப்பொருளும் மாறும் என்பதும் ஒரு விளக்கம். அது உண்மையாகவே இருந்தாலும், நம்ம வீட்டுக் கொல்லையில் பறிக்கிற செடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2011 காக்ரேன் அறிக்கையும், போலி மாத்திரையைவிட இது மேல் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

சிலிமரின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 'மில்க் திசில்' என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து எடுக்கப்படும் இது, நம்ம ஊர் மருந்துக் கடைகளில் லிவர் மாத்திரையாகத் தாராளமாக விற்கிறது. அமெரிக்காவில் ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் 154 பேரிடம் 24 வாரம் சோதித்தார்கள். 2012-ல் வந்த முடிவின்படி, அதிக அளவில் கொடுத்தும் கல்லீரல் நொதி அளவு போலி மாத்திரையைவிடக் குறையவில்லை. அதே செடியிலிருந்து எடுக்கும் சிலிபினின் ஊசியை, விஷக் காளான் சாப்பிட்டவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவர்கள் இன்றும் போடுகிறார்கள். ஆக, செடி மருந்தே பொய் என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. எந்தப் பொருள், எந்த நோய்க்கு, எந்த அளவில் என்பதுதான் கேள்வி.

இயற்கைதானே, என்ன கெடுதல்?

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள குர்குமின் உடம்பில் சரியாகச் சேராது. மிளகில் உள்ள பைபெரின் அதை 2000 சதவீதம் கூட்டுகிறது என்று 1998-ல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது. உடனே ரெண்டையும் கலந்த மாத்திரைகள் சந்தைக்கு வந்தன. 2022-ல் அமெரிக்க மருத்துவர்கள், மஞ்சள் சப்ளிமென்ட் எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் ஒருவர் இறந்துபோனார். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். செறிவூட்டிய மாத்திரை என்பது வேறு சமாச்சாரம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, காலதாமதம். ஹெபடைட்டிஸ் சி-யை 12 வார மாத்திரையில் பெரும்பாலும் முழுசாகவே குணப்படுத்தலாம். ஹெபடைட்டிஸ் பி-யை டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகளால் கட்டுக்குள் வைக்கலாம். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 'உப்பில்லாப் பத்தியம் ஒரு மாசம் இருந்து பார்ப்போம்' என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு கைநழுவலாம்.

கண் மஞ்சளானால் முதலில் எல்.எஃப்.டி. எனும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை, கூடவே ஹெபடைட்டிஸ் பரிசோதனை. தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன். பேச்சில் குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், ரத்த வாந்தி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்கெனவே கீழாநெல்லியோ வேறு சூரணமோ எடுத்திருந்தால், திட்டுவாரோ என்று பயந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள். முடிந்தால் அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.