வேர் இழந்த ஆர்க்கிட் பிழைக்குமா?

"வீட்டுக்குப் பின்னால் நிழல்வலைக் குடில் அமைத்து, 120 தொட்டிகளில் டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வளர்க்கிறோம். மேடை அலங்காரம் செய்பவர்கள் பூக்களை வாங்கிச் செல்கிறார்கள். மழைக்குப் பிறகு 30 செடிகளில் இலை சுருங்கி, தண்டும் வற்றிவிட்டது. தண்ணீரை அதிகமாக்கினோம், இன்னும் மோசமானது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை. எறிந்துவிடலாமா, காப்பாற்ற வழி இருக்கிறதா?"
- ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்.

எல்லாவற்றையும் எறிய வேண்டியதில்லை. ஆனால், முதலில் குறைக்க வேண்டியது தண்ணீரை.

இலை வாடினால் தண்ணீர் ஊற்றுவது கத்திரிக்கும் மிளகாய்க்கும் பழகிய கை. ஆர்க்கிட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. காட்டில் இது மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் செடி. வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெள்ளை உறை இருக்கும். மழை பெய்யும்போது அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காற்றில் உலர்ந்துவிடும். தொட்டிக்குள் எப்போதும் ஈரம் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிப் போகும். வேர் போனதால்தான் இலை வாடுகிறது. அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றினால், மிச்சமிருக்கும் வேரும் போய்விடும்.

தரம் பிரித்தல்: 30 செடிகளையும் தொட்டியிலிருந்து எடுத்து, வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். அடிப்பகுதி கறுத்து, தண்டு கூழாக நசுங்கினால் அந்தச் செடி தேறாது. அதைக் குடிலிலிருந்து அகற்றி எரித்துவிடலாம். எருக்குழியில் போடக் கூடாது. தண்டு சுருங்கியிருந்தாலும் பச்சையாக, நசுங்காமல் இருந்தால் நம்பிக்கை உண்டு. டென்ட்ரோபியத்தின் தண்டுதான் அதன் களஞ்சியம். தண்ணீரும் உணவும் அதில் இருப்பு இருக்கும்.

வெட்டுதல்: பழுப்பாகி, அழுத்தினால் உறை கழன்று உள்ளே நார் மட்டும் நிற்கும் வேர்களை வெட்டிவிட வேண்டும். கெட்டியான வேர் ஒன்றிரண்டு இருந்தாலும் விட்டுவைக்க வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் முன் கத்தியைத் தீயில் காட்டுவது கட்டாயம். நச்சுயிரி நோய்கள் ஆர்க்கிட்டில் கத்தி வழியாகவே செடிக்குச் செடி தாவும். பூத்தண்டு இருந்தால் அதையும் நீக்கிவிட வேண்டும். வெட்டுவாயில் பட்டைப் பொடி தடவி, ஒரு நாள் நிழலில் உலரவிடலாம். நல்ல வேரில் பொடி படக் கூடாது; அது வேரை உலர்த்திவிடும்.

நிறுத்துதல்: சிறிய தொட்டியில் மரக்கரியும் ஓட்டுச்சில்லும் நிரப்பி, செடியை அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். அடிப்பகுதியைப் புதைக்கக் கூடாது. குச்சி நட்டு, ஆடாமல் கட்டுவது முக்கியம். செடி ஆடினால் புது வேரின் நுனி ஒடிந்துவிடும். நேரடி வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் தொட்டிகளை ஒன்றாக வைத்து, கீழே ஈரமான தேங்காய் நாரைப் பரப்பலாம். காற்று ஈரமாக இருந்தால் இலை இழக்கும் நீர் குறையும். காலையில் கைத்தெளிப்பானால் லேசாகத் தெளித்தால் போதும். மாலைக்குள் இலை உலர்ந்துவிட வேண்டும்.

காத்திருத்தல்: பழைய தண்டில் புது வேர் வருவது அரிது. அடியிலிருந்து புதுத் தளிர் கிளம்பி, அதிலிருந்துதான் வேர் இறங்கும். இதற்கு இரண்டு, மூன்று மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை உரம் வேண்டாம். வேர் ஓர் அங்குலம் நீண்ட பிறகு, 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கலந்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம். தண்டின் கணுவில் பக்கக்கன்று வந்தால், அதன் வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் பிரித்துத் தனித் தொட்டியில் வைக்கலாம். தேறும் செடிகளின் பூவை அடுத்த ஓராண்டுக்கு வரவில் எழுதாமல் இருப்பது நல்லது.

இதைவிட அவசரமான வேலை, நன்றாக இருக்கும் 90 தொட்டிகளைப் பார்ப்பது. தேங்காய் மட்டைத் துண்டுகள் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மக்கிச் சேறாகிவிடும். அப்படியிருந்தால் உடனே மாற்ற வேண்டும். தொட்டியின் துளை அடைபட்டிருந்தால் திறந்துவிட வேண்டும். நிழல்வலை வெயிலைத்தான் குறைக்கும், மழையைத் தடுக்காது. ஐப்பசி மழைக்கு முன் வலைக்கு மேல் பாலித்தீன் விரிப்பு போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து வைத்தால் இந்த இழப்பு திரும்ப வராது.

தோவாளையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மலரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழுகிய செடி ஒன்றைப் பையில் கட்டி எடுத்துச் சென்று காட்டினால், பூஞ்சணமா, பாக்டீரியாவா என்று அறிந்து அதற்கேற்ற மருந்தை மட்டும் வாங்கலாம்.