நஸாராக்கள் முதலில் யார்?

மஃரிபுக்குப் பின் நடக்கும் மக்தபில் ஸூரா அஸ்ஸஃப்பின் இறுதி வசனத்தை (61:14) ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். ஈஸா (அலை) அவர்களின் அழைப்பை இஸ்ராயீலின் மக்களில் ஒரு சாரார் ஏற்றதையும் மற்றொரு சாரார் மறுத்ததையும் அவ்வசனம் கூறுகிறது. பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், அப்படின்னா முதல்ல ஈமான் கொண்டவங்களும் யூதருங்கதானே? போன வாரப் பயான்ல அவங்க எல்லாரும் ஒரே மாதிரின்னு சொன்னாங்களே?"

பயான் செய்தவர் வெளியூரிலிருந்து வந்தவர். அவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் மாணவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. போலகத்திற்குத் தெற்கே நாகூர், அதற்கும் தெற்கே வேளாங்கண்ணி; கிறிஸ்தவர்கள் நமக்கு அன்றாடம் பழகியவர்கள். யூதரையோ நம்மில் அநேகமாக எவரும் கண்டதில்லை. கண்டிராத மக்களைப் பற்றி எதையும் சொல்லிவிடலாம் என்ற துணிவு மார்க்கக் கல்வி உடையவருக்கு அழகன்று.

ஈஸா (அலை) அவர்களின் காலத்து யூதர்கள் ஒரே கூட்டமாக இருக்கவில்லை. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் மூன்று பிரிவுகளை விவரிக்கிறார். சதுசேயர் ஆலயக் குருமாரையும் செல்வரையும் சார்ந்தவர்கள்; மறுமையில் எழுப்பப்படுவதை மறுத்தவர்கள். பரிசேயர் மறுமையை நம்பினர். தவ்ராத்துடன் முன்னோரின் வாய்மொழி மரபையும் பேணினர். எஸ்ஸேனர் உடைமைகளைப் பொதுவில் வைத்துக் கட்டுப்பாடாக வாழ்ந்தனர்.

ஈஸா (அலை) அவர்களைப் பின்பற்றியவர்கள் இவர்களுக்கிடையே தோன்றிய இன்னொரு பிரிவாகவே அன்று பார்க்கப்பட்டனர். பவுலைக் குற்றம் சாட்டியவர்கள் அவரை நசரேயப் பிரிவின் தலைவர் என்றே குறிப்பிட்டதாகக் கிறிஸ்தவர்களின் அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது. நம் வேதம் சொல்லும் 'நஸாரா' இப்பெயரோடு உறவுடையது என்பர் அறிஞர். ஆக, இன்று ஒரு மதத்தைக் குறிக்கும் பெயர், தொடக்கத்தில் யூதரிலேயே ஒரு பிரிவின் பெயராக இருந்தது.

கி.பி. 62இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை மாணவர்களுக்குச் சொன்னோம். எருசலேமில் இந்த நசரேயர்களுக்குத் தலைவராக இருந்தவர் யாக்கோபு. தலைமைக் குருவான அனனுஸ் என்ற சதுசேயர் அவரைக் கல்லெறிந்து கொல்லச் செய்தார். அதைக் கண்டு கொதித்தவர்கள் யார்? சட்டத்தைக் கண்டிப்பாகப் பேணிய யூதர்கள்தாம். அவர்கள் பரிசேயர்களாக இருக்கக்கூடும். அவர்கள் முறையிட்டதால் அனனுஸ் மூன்றே மாதங்களில் பதவியிழந்தார் என்கிறார் யோசேபஸ். கொன்றவரும் யூதர், கொல்லப்பட்டவரும் யூதர், நீதி கேட்டவர்களும் யூதர். எல்லாரும் ஒன்று என்று இதன் பின்னும் எப்படிச் சொல்வது?

கி.பி. 70இல் உரோமர் ஆலயத்தை எரித்தனர். சதுசேயர் மறைந்தனர், பரிசேயர் வழியில் வந்தவர்கள் யூத மார்க்கத்தைக் காத்தனர். ஈஸாவையும் ஏற்று, தவ்ராத்தின் சட்டங்களையும் விடாதிருந்த நசரேயரும் எபியோனியரும் இரு பக்கமும் இடமற்றுப் போயினர். எபியோனியர் ஈஸாவை இறைமகன் என்று ஏற்காதவர்கள் எனப்படுகிறது. அதனால் அவர்களை அக்காலத்து முஸ்லிம்கள் என்று கொண்டாடும் காணொளிகள் வலம் வருகின்றன. நமக்கு இதில் தயக்கம் உண்டு. அவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அவர்களை எதிர்த்தவர்கள் எழுதியவையே.

அந்தப் பழைய உறவின் தடம் நமக்கு அருகிலும் உண்டு. கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்கள் இன்றும் தம்மை நஸ்ராணிகள் என்கின்றனர். அவர்களின் வழிபாட்டு மொழியான சுரியானி, ஈஸா (அலை) பேசிய அரமேயத்தின் கிளை. பெரிய வியாழன் இரவில் புளிக்காத மாவில் பெசஹா அப்பம் செய்து, குடும்பத் தலைவர் பிட்டுக் கொடுக்கிறார். 'பெசஹா' என்பது யூதரின் பஸ்கா பண்டிகையின் பெயரே. கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்து நஸ்ராணிகளின் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேட்டில், சாட்சிகள் அரபு எழுத்திலும் எபிரேய எழுத்திலும் பஹ்லவியிலும் கையொப்பமிட்டுள்ளனர். பள்ளி அவர்களுடையது, சாட்சி சொன்னவர்களில் நம்மவரும் இருந்தனர்.

இந்தப் பஸ்காவின் தேதியே பெரும் பிணக்காயிற்று. சிற்றாசியத் திருச்சபைகள் யூதரைப் போலவே நீஸான் 14ஆம் நாளைப் பேணின. உரோமையோ ஞாயிறையே பேணியது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னாவின் பொலிக்கார்ப் உரோமை ஆயர் அனிசேதுஸைச் சந்தித்தார். இருவரும் தத்தம் வழக்கத்தை விடவில்லை; ஆயினும் சேர்ந்து வழிபட்டுச் சமாதானமாகப் பிரிந்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில் வந்த உரோமை ஆயர் விக்டரோ அதே காரணத்திற்காகச் சிற்றாசியத்தாரை விலக்கிவைக்க முனைந்தார். 325இல் நைசியாவில் கூடிய சபை யூதரின் கணக்கையே விலக்கியது.

யூதருக்குள்ளும் இதே கதைதான். 1947 முதல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களை எஸ்ஸேனருடையவை என்பர் பலர். அவை காட்டும் ஆண்டு 364 நாட்கள். ஆலயத்தின் நாட்காட்டி வேறு. தம் ஆசான் நோன்பிருந்த நாளில் எதிரியான குரு வந்து துன்புறுத்தியதாக ஒரு சுருள் சொல்கிறது. இருவரின் நாட்காட்டியும் ஒன்றாக இருந்திருந்தால், அன்று அவரும் நோன்பிருந்திருப்பார்!

இதைப் படித்தபோது நமக்கு நம் தெருவே நினைவுக்கு வந்தது. கண்ணால் கண்ட பிறை, சவூதியின் அறிவிப்பு, வானியல் கணக்கு என்று மூன்று வழிகள். நாமறிந்த ஒரு வீட்டில், அண்ணன் பெருநாள் தொழுகை முடித்து வந்தபோது தம்பி நோன்போடு இருந்தார். தாயார் நெய்ச்சோற்றை இறக்கி வைத்துவிட்டு, யாரையும் சாப்பிட அழைக்காமல் நின்றார். தேதி மாறியதைவிட, அன்று மாலை தம்பிக்கு அண்ணன் ஸலாம் சொல்லாததே நம்மை வருத்தியது.

எந்தப் பிறை சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆலிம்கள் தத்தம் ஆதாரங்களோடு இருக்கின்றனர். ஜமாஅத்தாரிடம் கேட்பது ஒன்றே: கருத்து மாறினாலும் ஸலாமும் சாப்பாட்டு அழைப்பும் நிற்கக் கூடாது என்பதை ஷஅபான் தொடங்கும்போதே கூடிப் பேசி, பள்ளியில் அறிவித்துவிடுங்கள். இருபத்தொன்பதாம் நாள் மஃரிபுக்குப் பின் கைப்பேசிகள் ஒலிக்கத் தொடங்கிவிட்டால் யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை.