சுமை முதலில், நிவாரணம் கடைசியில்: இந்த வரிசை மாற வேண்டும்

வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பின் நாடு காணாத அந்த வீழ்ச்சியிலிருந்து மீளச் சீர்திருத்தம் தேவைப்பட்டது என்பதில் இரு கருத்து இல்லை. 2019 இன் இறுதியில் வரிகளைக் கண்மூடித்தனமாகக் குறைத்து, 2021 இல் இரசாயன உரத்தை ஒரே உத்தரவில் தடை செய்து, திறைசேரியையும் வயலையும் ஒருசேர வறளவிட்ட ஆட்சியின் தவறுகளை யாரேனும் திருத்தியே ஆக வேண்டியிருந்தது. ஆனால், அந்தத் திருத்தத்தின் விலையை முதலில் கொடுத்தவர்கள் தவறு செய்தவர்கள் அல்லர். சுமை உடனே வந்தது, முழுமையாக வந்தது. நிவாரணமோ பிந்தி வந்தது, அரைகுறையாக வந்தது. இந்த வரிசையை மாற்றாமல் நாடு மீண்டுவிட்டதாகச் சொல்வது நியாயமாகாது.

மாதம் 30 அலகு மின்சாரம் மட்டுமே பாவிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று மின்குமிழ்கள், ஒரு தொலைக்காட்சி, அவ்வளவுதான். 2022 ஓகஸ்ட் கட்டண உயர்வுக்கு முன் அலகுக்கு 2 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபாய். மொத்தப் பட்டியல் 105 ரூபாய். ஓகஸ்டில் அது 360 ரூபாயானது. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபாய், நிலையான கட்டணம் 400 ரூபாய் என்று 1300 ரூபாயைத் தொட்டது. ஆறே மாதங்களில் பன்னிரண்டு மடங்கு! அந்த ஆண்டு ஜூலையில்தான் கட்டணம் குறைக்கப்பட்டது. இதே காலத்தில் 8 சதவீதமாக இருந்த வற் வரி 12, 15 என ஏறி, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. சமையல் எரிவாயுவும் எரிபொருளும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பணவீக்கம் அதையும் தாண்டி 94.9 சதவீதம்.

வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2023 ஜூலையில். கடன் நிறுத்த அறிவிப்புக்கும் அதற்கும் இடையே 15 மாதங்கள். இடைப்பட்ட காலத்தில், அதற்கு முன்பிருந்த நலன்புரித் திட்டமான சமுர்த்தியின் கொடுப்பனவு தற்காலிகமாகக் கூட்டப்பட்டது உண்மை. அரிசி விலையும் மருந்து விலையும் பாய்ந்த வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. 2021 இல் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022 இல் 25 சதவீதமானதாக உலக வங்கி மதிப்பிட்டது. நான்கில் ஒருவர்!

சமுர்த்தி அரசியல்வாதிகளின் கையில் சிக்கிய திட்டம், தகுதியற்றவர்கள் பெற்றார்கள், தகுதியானவர்கள் பெறவில்லை என்ற குற்றச்சாட்டு புதியதல்ல. அதில் உண்மையும் உண்டு. ஆகவே, அளவுகோல் வைத்துத் தெரிவு செய்வதை நாம் எதிர்க்கவில்லை. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப நிலை என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு அஸ்வெசும பயனாளிகள் தெரிவாகினர். பட்டியல் வெளிவந்ததும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. வீட்டில் உள்ள பொருளை எண்ணும் கணக்கெடுப்பு, அந்த வீட்டார் நேற்று வேலை இழந்ததை எண்ணுவதில்லை. கடன்பட்டு வாங்கிய முச்சக்கரவண்டி சொத்தாகத் தெரியும். அதன் தவணைப் பணம் கட்ட முடியாமல் தவிப்பது தெரியாது.

மலையகத்தைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ரூபாயின் பெறுமதி சரிந்து, மாவும் பருப்பும் எட்டாத விலைக்குப் போன காலம் முழுவதும் அந்த 1000 ரூபாய் அசையவில்லை. 2024 இல்தான் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயானது. அதுவும் குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். ஒரே லயன் அறையில் இரண்டு மூன்று குடும்பங்கள் வாழ, தனித்தனி முகவரிகூட இல்லாதவர்களிடம் அஸ்வெசும விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வதால் நீதி கிடைத்துவிடாது.

உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பிலும் இதே கதைதான். 2023 ஜூலை முதலாம் திகதி பாராளுமன்றம் அங்கீகரித்த திட்டத்தில் வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. தனியார் துறையினரும் தோட்டத் தொழிலாளரும் முதுமைக்கெனச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதியம் தன் முறிகளை மாற்றிக்கொள்ள வேண்டும், மறுத்தால் 14 சதவீத வரி 30 சதவீதமாகும் என்று நிர்ப்பந்திக்கப்பட்டது. வங்கிகள் ஆட்டம் கண்டால் வைப்பாளர்கள் பாதிக்கப்படுவர் என்றது அரசு. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், தொழிலாளியின் சேமிப்புக்காக அதே அக்கறையோடு யாரும் அஞ்சவில்லை.

பணம் எங்கே என்ற கேள்வி எழும். சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளே கையைக் கட்டுகின்றன என்றும் சொல்லப்படும். உண்மை வேறு. நிதியத்துடனான ஒப்பந்தத்திலேயே சமூகப் பாதுகாப்புக்குக் குறைந்தபட்சம் செலவிட வேண்டிய தொகை குறிக்கப்பட்டுள்ளது. 2024 டிசெம்பர் இறுதிக்கான அளவுசார் இலக்குகளில் மற்ற அனைத்தும் எட்டப்பட்டன. தவறிய ஒரே இலக்கு சமூகச் செலவினம். மக்களிடம் வசூலிப்பதில் காட்டிய கண்டிப்பு, மக்களுக்குக் கொடுப்பதில் இல்லை. இதற்கு வெளியாரைக் குறைகூற இடமில்லை.

இது இந்நாடு ஒருமுறை கற்ற பாடம். 1953 இல் அரிசி மானியத்தை வெட்டி, கொத்து 25 சதத்துக்கு விற்ற அரிசியை 70 சதமாக்கியபோது, ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தாலால் நாடே நின்றது. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். திறைசேரியின் கணக்கு சரியாக இருந்திருக்கலாம். சோற்றுக்கோப்பையின் கணக்கைப் பார்க்காததே பிழை.

ஆகவே, அரசிடம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். அஸ்வெசும கொடுப்பனவு ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்பத் தானாக உயர வேண்டும். வேலை இழந்தவர், நோயில் விழுந்தவர் எந்த மாதத்திலும் கிராம உத்தியோகத்தரிடம் சென்று பதியும் வழி வேண்டும். லயன்களில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் தனிக் குடும்பமாகக் கணக்கெடுக்கப்பட வேண்டும். சமூகப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்பினால், பொறுப்பான அமைச்சர் பாராளுமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டும். இவை நான்கும் நிறைவேறும்வரை, ஏழைகளைத் தொடும் எந்தப் புதிய வரிக்கும் கட்டண உயர்வுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்கள், ஆளும் தரப்பாயினும் எதிர்த்தரப்பாயினும், கை உயர்த்தக் கூடாது.