வாடகைக்கு வரம்பு கருணையா?
இங்கிலாந்தில் நகரசபைகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் ஏழை உழைப்பாளிகளுக்கு வீடுகளைக் குறைந்த வாடகைக்கு விடுகின்றன. விலைவாசி எவ்வளவு உயர்கிறதோ, அதற்கு மேலும் 1 சதவீதம் சேர்த்து வாடகையை உயர்த்தலாம் என்பது சர்க்கார் வகுத்த விதி. 2022 செப்டம்பரில் விலைவாசி உயர்வு 10.1 சதவீதம். விதிப்படி வாடகை 11.1 சதவீதம் ஏறியிருக்கும்! 2023 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சர்க்கார் வரம்பு கட்டியது.

இது கருணையா? இல்லை. கூலி விலைவாசியைப் பிடிக்க முடியாமல் பின்தங்கிய காலம் அது. வீடுகளைப் பழுதுபார்க்கப் பணம் போதாதென்றால் கஜானா கொடுக்கட்டும். ஏழையின் அடுப்பில் கைவைக்காதே!

1915-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வாடகையை ஏற்றிய வீட்டுச் சொந்தக்காரர்களுக்குப் பெண்கள் பணிய மறுத்தனர். தொழிலாளர் துணை நின்றனர். அவ்வாண்டே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது.

வாடகை உயர்வு கூலி உயர்வைத் தாண்டக் கூடாது என்கிறோம் நாம். அந்த வரம்பைக் கட்ட வல்லது ஒற்றுமையே, தோழர்களே!