பேச்சு வரவில்லையா? முதலில் காதைப் பாருங்கள்

“அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் வாயைத் தொறந்தான். இவனும் பேசுவான், விடு.”

நம் வீடுகளில் இதைச் சொல்லாத பாட்டி அரிது. சில பிள்ளைகள் தாமதமாகப் பேசுவது உண்மைதான். ஆனால், அந்த அப்பாவுக்கு அந்த வயதில் காது சரியாகக் கேட்டதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பேராக் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆயாக்கொட்டகை நினைவிருக்கும். விடியுமுன் அம்மா பால்மரம் வெட்டப் போய்விடுவார். கொட்டகைக்குள் வரிசையாகத் தொட்டில்கள். ஒரு குழந்தைக்குச் சளி பிடித்தால் அத்தனைக்கும் பிடிக்கும். சளிக்குப் பின் காது வலி, அதற்குப் பின் சீழ். டிரஸர் மருந்து போடுவார். நிற்கும், மறுபடி வடியும். வாடை அடிக்கிறது என்று பள்ளியில் பக்கத்தில் உட்கார யாரும் வரமாட்டார்கள். பையன் கடைசி வரிசைக்குப் போவான். அங்கே வாத்தியார் சொல்வது இன்னும் கேட்காது. ‘மந்தம்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும்.

இதே கதை ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறப் பூர்வகுடிக் கிராமங்களில் இன்றும் நடக்கிறது. ஒரு சமூகத்தின் பிள்ளைகளில் 4 விழுக்காட்டுக்கு மேல் நாள்பட்ட சீழ்க்காது இருந்தாலே அது அவசரமாகக் கவனிக்க வேண்டிய பிரச்சினை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அங்குள்ள சில கிராமங்களில் அது பல மடங்கு அதிகம். பிறந்த சில வாரங்களிலேயே தொற்று தொடங்கிவிடுகிறது. காரணம் இனமல்ல. நெருக்கடியான வீடு, கைகழுவப் போதாத தண்ணீர், தூரத்து கிளினிக். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சீழ் வடிந்தால் கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் உண்டு. நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அது குட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். சளியில் அது அடைபட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிப் பசையாகிவிடும். பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. பிள்ளைக்கு மட்டும் காதில் விரலை வைத்து அடைத்ததுபோலக் கேட்கும். ஒரு வாரம் கேட்கும், மறு வாரம் மங்கும். அதனால்தான் ‘வேணும்னே திரும்ப மாட்டேங்கிறான்’ என்று திட்டு வாங்குகிறான்.

தமிழில் ‘கல்’லுக்கும் ‘கால்’லுக்கும் இடையே இருப்பது ஒரு நெடில்தான். ‘வீட்டுக்கு’, ‘வீட்டுல’ என்று பொருளை மாற்றுவது சொல்லின் கடைசியில் மெதுவாக ஒலிக்கும் பகுதி. மங்கிய காதுக்கு முதலில் தப்பிப்போவது இவைதான். மூளை மொழியை வேகமாகப் பிடித்துக்கொள்ளும் முதல் மூன்று ஆண்டுகளில் இப்படி மாதக்கணக்கில் தப்பினால் பேச்சும் பின்தங்கும்.

அப்போது ஒரு யோசனை தவறாமல் வரும்: “வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். பிள்ளை குழம்புகிறது. தமிழை நிறுத்துங்கள்.” பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. தமிழை நிறுத்தினால், பாட்டியோடு பேசும் வழிதான் அடைபடும். காதில் உள்ள அடைப்பு அப்படியே இருக்கும். கோப்பேங், தாப்பா மலையடிவாரத்துச் செமாய் பிள்ளைக்கும், சுங்கை சிப்புட்டில் லாசாவுக்கு அப்பால் வாழும் தெமியார் பிள்ளைக்கும் இதே நிலைதான். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் மலாய். பேசாத பிள்ளையைக் கூச்சம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். காது கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்பவில்லை. பத்து மாதத்தில் ‘பாபா, தாதா’ என்ற மழலை இல்லை. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கவனிக்கவில்லை. இரண்டு வயதில் ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல் சேரவில்லை. பெரிய பிள்ளையென்றால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது, “ஆ? என்னா?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் சுகாதார கிளினிக்கில் தாதியிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். காது பரிசோதனைக்குக் கடிதம் கேளுங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. தேங்கிய நீர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். வற்றாவிட்டால் செவிப்பறையில் மிகச் சிறிய குழாய் வைக்கும் சிகிச்சை உண்டு. சீழ் வடிந்தால் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பாருங்கள், காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால் எதையும் காதில் விடாதீர்கள். பஞ்சுக்குச்சி, கொண்டை ஊசி வேண்டாம். தொட்டிலில் படுத்தபடி பாட்டில் பால் கொடுக்காதீர்கள். தலையை உயர்த்திக் கொடுங்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்குள் சிகரெட் வேண்டாம். நிமோகோக்கல் தடுப்பூசி 2020 டிசம்பர் முதல் அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

இனி யாராவது “அவங்க அப்பாவும் அப்படித்தான்” என்றால் கோபப்படாதீர்கள். அந்த அப்பாவையும் கூட அழைத்துக்கொண்டு போய் இருவர் காதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.