ஊருக்குக் கேட்காத சங்கு

ஆலையின் சைரனைத் தமிழில் சங்கு என்றே சொல்லி வந்திருக்கிறோம். கோவையிலும் மதுரையிலும் பஞ்சாலைச் சங்கு, முறை மாறும் தொழிலாளிக்கு மட்டுமன்றி, உலை வைக்கும் பெண்ணுக்கும் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கும் நேரம் சொன்னது. சங்கு ஆலையுடையதாயினும் ஓசை ஊருக்குப் பொதுவாக இருந்தது. நச்சு வாயுக்களைக் கையாளும் ஆலைகளில் இவ்வுறவு அறுந்து கிடப்பதை நாம் போதிய அளவு பேசவில்லை என்றே தோன்றுகிறது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவையொட்டி, போபாலின் யூனியன் கார்பைடு ஆலையில் மீதைல் ஐசோசயனேட் கசிந்தபோது, அதை முதலில் அறிந்தவை கருவிகள் அல்ல. தொழிலாளரின் எரிந்த கண்கள்தாம். உள்ளே ஒலிக்கும் சங்கையும் ஊருக்கு ஒலிக்கும் சங்கையும் 1982-இலேயே தனித்தனியாகப் பிரித்துவிட்டிருந்தனர். சிறு கசிவுகளுக்கெல்லாம் ஊர் கலவரப்படலாகாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அன்றிரவு ஊர்ச்சங்கு சற்றே ஒலித்து அடங்கிற்று. வாயு வீடுகளுக்குள் புகுந்த பின்னரே மக்கள் விழித்தனர். ஈரத்துணியால் முகத்தை மூடுங்கள் என்று சொல்லவும் ஆளில்லை.

அது பழங்கதை என்பாருக்கு 2020 மே 7-ஐ நினைவூட்டலாம். விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி விடியுமுன் வெங்கடாபுரத்தின் மீது படர்ந்தது. ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு கண்டறிந்தவற்றுள் இரண்டு போதும். தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே வெப்பநிலை அளக்கப்பட்டது, கொதிப்போ மேலே. அபாயச் சங்கை இயக்க வளாகத்தில் 36 இடங்களில் வசதியிருந்தும், எவரும் இயக்கவில்லை. ‘ஊதுகிற சங்கை ஊதிவைப்போம்’ என்று அலுத்துக்கொள்வது நம் வழக்கம். அந்த அலுப்பான கடமைகூட அங்கு நிகழவில்லை.

கருவி வாங்கிப் பொருத்திவிட்டால் தீர்ந்தது என்று கருதுவதும் பிழையே. எரிவாயுவை அறியும் வினையூக்க வகை உணரி, சிலிக்கோன் ஆவி பட்டால் உணர்விழந்துவிடும். ஆனால் திரையில் பூஜ்யத்தையே காட்டிக்கொண்டிருக்கும். செத்த உணரியும் பாதுகாப்பான காற்றும் ஒரே எண்ணால் பேசுகின்றன! அளவறிந்த சோதனை வாயுவைச் செலுத்திப் பார்த்தாலன்றி வேறுபாடு தெரியாது. அகச்சிவப்பு உணரிகள் இதில் மேலானவை. தம் பழுதைத் தாமே அறிவிப்பவை. பொருத்தும் உயரமும் முக்கியம்: அம்மோனியா காற்றினும் இலேசானது, ஸ்டைரீன் ஆவி கனமானது.

இவையெல்லாம் பொறியாளர் அறிந்தவையே. நம் வழக்கு வேறு. உணரி கண்டதை ஊருக்குச் சொல்ல ஓர் அதிகாரியின் அனுமதி ஏன் வேண்டும்? உணரியின் அளவு எல்லை கடந்ததும் ஊர்ச்சங்கு தானே ஒலிக்க வேண்டும். அதை நிறுத்தவே அனுமதி தேவைப்பட வேண்டும். பொய்யெச்சரிக்கை பெருகினால் ‘புலி வருது’ கதையாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. மூன்று உணரிகளுள் இரண்டேனும் ஒத்துச் சொன்னால் மட்டுமே ஒலிக்கும் ஏற்பாடு, எந்திரங்களைக் காக்கும் அமைப்புகளில் நெடுங்காலமாக உள்ளது. எந்திரத்துக்குக் கிடைத்த அக்கறை குப்பத்துக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே.

2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன்னர், எண்ணூர்ப் பெரியகுப்பத்தாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது அம்மோனியாவின் நெடி. கடலடிக் குழாயில் கசிவு. நெடி இருந்ததால் ஓடினார்கள். எல்லா நஞ்சுக்கும் அத்தகைய நெடி இருப்பதில்லை. ஆலையின் ஆபத்துகளைச் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம் கூறியது. தெரிவித்தல் என்பது கோப்பில் முடிகிற செயலாக இருக்கக் கூடாது. சங்கு ஒலித்தால் கதவடைத்து உள்ளே இருப்பதா, வெளியேறுவதா, எத்திசையில் என்பதை அம்மக்களின் மொழியில் சொல்லி, இரவு நேரத்திலும் ஒத்திகை நடத்த வேண்டும்.

இத்தகைய ஆலைகளின் உச்சியில் காற்றுத்திசை காட்டும் துணிக்கூம்பு ஒன்று பறக்கும். அதைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்காக விலகி ஓடத் தொழிலாளிக்குப் பயிற்சி தருகிறார்கள். மதிலுக்கு வெளியே தெருவில் விளையாடும் பிள்ளைகளின் கண்ணிலும் அது படுகிறது. அது எதற்கென்று அவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும்.